வால்பேப்பர் மாற்றும் தம்பிரான்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு: ஒரு நிமிஷ வேலையைக் கையால் செய்வது தங்கள் படிப்புக்கு இழுக்கு என்று, அதைத் தானாக நடக்கவைக்க நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள். தானியங்கித் தம்பிரான்கள் என்று இவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

கணினியில் வால்பேப்பரை மாற்ற நீங்களும் நானும் என்ன செய்வோம்? மௌஸை இரண்டு தட்டுத் தட்டுவோம். எனக்குத் தெரிந்த தம்பிரான் தட்டுவாரா? யாரோ ஒரு புண்ணியவான் எழுதி இணையத்தில் போட்ட குட்டி நிரல் தொகுப்பை இறக்கி, அதை ஏவ நாலு வரி நிரல் எழுதி, அந்த நாலு வரி ஓடாததால் நாற்பது வரி எழுதி, காலையில் மலை, மதியம் கடல், மாலையில் காடு என்று படம் தானே மாறும்படி செய்வார். அந்தப் படங்களை அவர் பார்த்ததே இல்லை. அவற்றின் மேல் எப்போதும் பதினேழு ஜன்னல்கள் திறந்து கிடக்கும்.

ஒரு நாள் காலை அவர் மனைவி வந்தார். ஆறு வருஷம் வீட்டோடு இருந்தவர், ஒரு பள்ளி ஆய்வக வேலைக்கு விண்ணப்பிக்கிறார்.

"இன்னிக்கு அஞ்சு மணியோட கடைசி. சர்ட்டிஃபிகேட் எல்லாம் உங்க கம்ப்யூட்டர்லதான் இருக்கு. அனுப்பிடுங்க, மறந்துடாதீங்க."

மறப்பாரா? மறக்கக் கூடாதென்றுதானே உடனே வேலையில் இறங்கினார்! மிச்சமிருக்கும் நேரம் வால்பேப்பரிலேயே சிவப்பெழுத்தில் நிமிஷத்துக்கு நிமிஷம் குறைந்துகொண்டே வர வேண்டுமாம். மனைவிமேல் அவ்வளவு அக்கறை.

மதியம் மனைவி எட்டிப் பார்த்தார். "கொஞ்சம் நகருங்க, நானே அனுப்பிக்கிறேன்."

"ஐயோ, கை வெச்சிடாதே! ஓடிக்கிட்டிருக்கு."

எழுத்து தலைகீழாக வந்தது. திருத்தினார். எண்கள் படத்துக்கு வெளியே ஓடின. புண்ணியவானைப் பாவி என்று திட்டினார். மூன்று மணிக்குத் திரையே கறுத்தது. ஒருவழியாக எல்லாம் சரியானதும் கூவினார்: "இங்க வாயேன்! தானா மாறுது பாரு!"

மனைவி வந்தார். பச்சைக் காட்டின் நடுவே கொட்டை எழுத்தில் இருந்தது: 'நேரம் முடிந்து பன்னிரண்டு நிமிஷம்.' பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதின்மூன்றாயிற்று.

"அனுப்பினீங்களா?"

தம்பிரான் தாடையைச் சொறிந்தார். "அதுக்கும் ஒரு புரோகிராம் எழுதிட்டா, அடுத்த தடவை தானாவே போயிடும்."

அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார். எனக்குத்தான் வயிறெரிகிறது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் செய்ய வேண்டியதையெல்லாம் பட்டியல் போட்டு, அவசரத்துக்கு ஒரு வண்ணம், அவசியத்துக்கு ஒரு வண்ணம் என்று பூசி வைத்திருக்கிறீர்களே, அதன் முதல் வரியில் யாருடைய வேலை இன்னும் காத்துக் கிடக்கிறதோ, அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அவர் சிரிக்கிறாரா, பார்ப்போம்.