ஆன்சனின் முதல் கோல்

ஐஸ் ஹாக்கி ஆட்டத்தின் முதல் பகுதி முடியப்போகிறது. ஆன்சன் இன்னும் ஒரு தடவைகூட கோலைப் பார்த்து அடிக்கவில்லை. அந்தப் பனிக்கூடத்துக் குளிரிலும் கோச் டெல்மருக்கு வேர்த்துக் கொட்டியது.

வேர்க்காமல் என்ன செய்யும்? பதினேழு வயசுப் பையன், பயிற்சியில் அடித்தால் வலை கிழியும். ஆட்டத்தில் இறங்கினால் பயந்துபோய் ரப்பர் வட்டை அடுத்தவனிடம் தள்ளிவிட்டு நகர்ந்துவிடுவான். இந்த சீசனில் ஒரு கோல்கூடக் கிடையாது. கிறிஸ்துமஸுக்குள் ஒன்றாவது போடாவிட்டால் அவனை வேறு டீமுக்கு மாற்றிவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். அதற்குள் மிச்சமிருப்பது இந்த ஆட்டம்தான். இளம் ஃபார்வர்டுகளை உருவாக்கிக் காட்டுகிறேன் என்று மார்தட்டி இந்தக் கோடையில்தான் லார்க்ஹில் டீமுக்கு வேலைக்கு வந்திருந்த டெல்மரும் பையனோடு சேர்ந்து மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இன்றைக்குக் கரடி பொம்மை ஆட்டம் வேறு. ஊரே பொம்மையும் கையுமாக உட்கார்ந்திருந்தது. லார்க்ஹில் போடும் முதல் கோலுக்கு அத்தனை பொம்மையும் பனியில் வந்து விழும். அதைப் பொறுக்கி ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்கு அனுப்புவார்கள். அந்த கோல் மட்டும் ஆன்சனுடையதாக இருந்தால்? நினைக்கும்போதே டெல்மருக்குப் புல்லரித்தது.

இடைவேளையில் சீனியர்களைப் பிடித்துக் கெஞ்சினார். இன்றைக்கு மட்டும் பெரிய மனசு பண்ணுங்கப்பா, பையனுக்கு வட்டைத் தள்ளிவிடுங்கள் என்றார். கேப்டன் கீனன் சொந்தத் தம்பிக்கே வட்டைத் தராதவன். அவன்தான் முதலில் தலையாட்டினான்.

"கவலைய விடுங்க கோச். கோல் அவனுக்குத்தான்."

டெல்மருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படித் தங்கமான பசங்களையா கோபித்துக்கொண்டோம் என்று வருத்தப்பட்டார்.

சொன்னபடியே தள்ளினார்கள். தள்ளினார்கள் என்றால், கண்மண் தெரியாமல் தள்ளினார்கள். எதிராளிகள் மூன்று பேர் ஆன்சனைச் சுற்றி நின்றாலும் வட்டு அவனிடம்தான் வந்தது. மூவரில் ஒருவன் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடிப்போய் கோல் போட்டான்.

டெல்மர் உடனே திட்டத்தை மாற்றினார். யோசிக்காதே, எங்கிருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு அடி என்று ஆன்சனிடம் சொன்னார். பையன் அடித்தான். வட்டு கம்பத்தில் பட்டு 'டணார்' என்றது. கோல் என்று நினைத்து ஒரு பக்கத்துக் கூட்டம் முழுக்கப் பொம்மைகளை வீசிவிட்டது. ஆட்டம் நின்றது. ரெஃப்ரி கடுப்பாகி லார்க்ஹில்லுக்குப் பெனால்டி கொடுத்து ஒருவனை இரண்டு நிமிஷம் வெளியே உட்காரவைத்தார். ஒரு ஆள் குறைந்த நேரத்தில் எதிராளி இரண்டாவது கோலையும் போட்டுவிட்டான். மேலே உட்கார்ந்திருந்த மேனேஜர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

கடைசிப் பகுதி. வேறு வழியில்லாமல் டெல்மர் கீனனையும் ஆன்சனையும் சேர்த்தே இறக்கினார். கீனன் பாய்ந்து போனான். கோல்கீப்பர் வழுக்கி விழுந்துவிட்டான். வலை ஆளில்லாமல் கிடந்தது, தொட்டால் போதும். கூட்டம் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தியது. கீனன் தொடவில்லை. அப்படியே நின்று, திரும்பி, பின்னால் மூச்சு வாங்க வந்துகொண்டிருந்த ஆன்சனுக்குத் தள்ளினான்.

ஆன்சன் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். கோல்!

மிச்சமிருந்த பொம்மையெல்லாம் மழையாகக் கொட்டியது. பையன் கரடிகளுக்குள் புதைந்துபோய்ச் சிரித்தான். டெல்மர் பெஞ்ச் மேலேறிக் குதித்தார். அதற்கப்புறம் சீனியர்களுக்கு என்ன பேய் பிடித்ததோ, பனியைத் துப்புரவு செய்து முடித்ததும் கீனனே அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டு ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தான். மேனேஜர் இறங்கி வந்து, ஆன்சன் இங்கேயே இருக்கட்டும் என்று டெல்மரின் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

உடை மாற்றும் அறையில் டெல்மர் கீனனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். "சும்மா கிடந்த வலைடா. பையனுக்காக விட்டுக் கொடுத்தியே, நீ மனுஷன்டா."

கீனன் அவர் முகத்தைப் பார்க்காமல் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது டீமின் துணிமணிகளைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் எர்ல் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஆள் உயரக் கரடி வேஷம் ஒன்றைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"முதல் கோல் போட்ட மகராசன் எங்கப்பா? நாளைக்குப் பூரா இத மாட்டிக்கிட்டு ஆஸ்பத்திரியில ஆடிப் பாடணும். போன வருஷம் முதல் கோலப் போட்டுட்டுக் கீனன் பட்ட பாட்டப் பாத்துட்டு இந்தத் தடிப்பயலுக ஒருத்தனும் இன்னிக்கு முதல் கோலப் போடத் தயாரா இல்ல, அந்தப் பச்சப்புள்ளகிட்ட மட்டும் யாரும் சொல்லலையா?"