தல்லு அன்ரியும் ஒரு ‘எப்பா’வும்

எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளையும் தானாகப் பிறந்ததில்லை. எல்லாம் தல்லு அன்ரி போட்ட சத்தத்துக்குப் பயந்து வெளியே வந்தவை. இது என் கண்டுபிடிப்பு இல்லை, அன்ரியே ஊருக்குச் சொல்லித் திரிகிற செய்தி. அந்தச் சத்தத்தை இரண்டு தரம் கட்டிலில் கிடந்து கேட்டவள் என்பதால் நானும் மறுப்பதற்கில்லை.

வெள்ளவத்தையில், ‘கடல் தெரியும்’ என்று சொல்லி விற்ற, ஆனால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தாங்கி மட்டும் தெரிகிற ஃபிளாட் எங்களுடையது. அன்ரி மூன்றாம் மாடி, நாங்கள் நான்காம் மாடி. அன்ரி கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே ஐந்து பிள்ளைகளைப் பெற்று, ஐந்தையும் விமானம் ஏற்றிவிட்டு, தனியாக இங்கே வந்து குடியேறியவர். அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

சிங்களத்தில் தள்ளுவதற்குத் ‘தல்லு’ என்பார்கள். நம்முடைய ‘தள்ளு’தான், நாக்கு கொஞ்சம் சோம்பல்பட்டிருக்கிறது, அவ்வளவே. அன்ரிக்கு உலகத்தின் எல்லாக் கோளாறுக்கும் அதுதான் மருந்து. லிஃப்ட் கதவு பாதியில் நின்றால், “தல்லு!” த்ரீவீல் ஸ்டார்ட் எடுக்காவிட்டால், “எறங்கித் தல்லு!” ஒருநாள் பம்பலப்பிட்டியில் ஒரு புடவைக் கடைக் கண்ணாடிக் கதவோடு மல்லுக்கு நின்றார்.

“அன்ரி, அது இழுக்கிற கதவு.”

“தல்லினா வரும்.”

“இழுக்கச் சொல்லி எழுதியிருக்கு அன்ரி.”

“எழுதினவன் தல்லிப் பாத்திருக்க மாட்டான்.”

உள்ளேயிருந்து காவலாளி வெளிப்பக்கம் தள்ள, வெளியேயிருந்து அன்ரி உட்பக்கம் தள்ள, கதவு நடுவில் நின்று நடுங்கியது. கடைசியில் காவலாளிதான் தோற்றார். எங்களைப் பின்வாசலால் கூட்டிக்கொண்டு போனார்.

என் முதல் பிள்ளைக்கு அன்ரிதான் துணை. அம்மா வவுனியாவில், முழங்கால் வலியோடு. நாங்கள் போன ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண் மட்டும் நிற்கலாம், ஆகவே என் கணவர் சுதனுக்கு வாசலோடு சரி. அன்ரி சேலைக்குக் கீழே ஓட்டச் சப்பாத்து மாட்டிக்கொண்டு வந்தார். ஓடப்போவது யார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நானோ பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி எல்லாவற்றையும் படித்து வைத்திருந்தேன். போகிற வழியிலேயே விளக்கம் கொடுக்கத் தொடங்கினேன். “அன்ரி, கருப்பை வாசல் முழுக்கத் திறந்த பிறகு தள்ளுறதுதான் செகண்ட் ஸ்டேஜ்...”

“ஸ்டேஜா? நாடகமா போடப்போறே?”

அது நாடகம்தான். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நான் தள்ளினேன். தள்ளினேன் என்று நினைத்தேன். என் பலம் முழுக்கத் தொண்டையிலும் கன்னத்திலும் போய் நின்றதே தவிர, போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

“மூஞ்சியால தல்லாத புள்ள! மூஞ்சியாலயா புள்ள வரப்போகுது? கீழால தல்லு!”

மிட்வைஃப் மிஸ் ஒருதரம் சொல்ல, அன்ரி பத்துத்தரம் சொன்னார். பக்கத்துத் திரைக்குப் பின்னால் இருந்த பெண்ணும் சேர்ந்து தள்ளிவிட்டாள். அவளுக்கு இன்னும் நேரமே வரவில்லையாம். மிஸ் அன்ரியைப் பார்த்து, வாயைப் பொத்தாவிட்டால் வெளியே போடுவேன் என்றார். அதன் பிறகு அன்ரி சத்தமில்லாமல் கையால் தள்ளிக் காட்டிக்கொண்டு நின்றார்.

மகன் வந்தான். அவனோடு தையலும் வந்தது. பிறகு சில கிழமைகள் கதிரையைக் கண்டாலே மரியாதையாக எழுந்து நிற்கப் பழகிக்கொண்டேன்.

ஆகவே இரண்டாவது பிள்ளை தங்கியபோது எனக்கு இரண்டு வேண்டுதல்கள்தான். பிள்ளை சுகமாய் வரவேண்டும். இன்னொரு தரம் கிழியக் கூடாது. கிளினிக்கில் டொக்டர் ஆறுதலாகச் சொன்னார்: “முதல் பிள்ளைதான் தசையெல்லாத்தையும் மெல்ல விரிச்சு வழி எடுக்கும். ஒருக்கா விரிஞ்ச வழி எண்டபடியால் ரெண்டாவதுக்குத் தள்ளுற நேரம் அநேகமாக் குறைவு. சில பேருக்கு நாலைஞ்சு தள்ளலோட முடிஞ்சிடும். எல்லாருக்கும் அப்பிடியெண்டு சொல்ல ஏலாது.”

ஓடிவந்து அன்ரியிடம் சொன்னேன். அவர் ஏற்கவில்லை.

“எனக்கு அஞ்சும் தல்லித்தான் வந்திச்சு. கடைசிக்காரன் மட்டும் கொஞ்சம் சுருக்கா வந்தான். அவன் பொறப்பிலேயே அவசரக்காரன். இப்பவும் மெல்பேர்ன்ல கார ஓட்டிப் பொலிஸ்ல மாட்டுறான்.”

“டொக்டர் சொல்றார் அன்ரி.”

“டொக்டர் எத்தின பெத்தாரு?”

அன்று பின்னேரமே பயிற்சி தொடங்கியது. அன்ரியின் வரவேற்பறைச் சுவரில் நான் இரண்டு கையையும் ஊன்ற வேண்டும். அவர் “தல்லு!” என்றதும் சுவரைத் தள்ள வேண்டும். சுவர் அசையவில்லை. ஆனால் இரண்டாம் மாடிக்காரர் மேலே வந்து, கட்டடத்துக்கு ஏதும் பிரச்சினையோ என்று விசாரித்துவிட்டுப் போனார். மாதக்கணக்கில் நடந்த இந்தப் பயிற்சியின் பலனாக, ‘தல்லு’ என்ற சத்தம் காதில் விழுந்தாலே என் உடம்பு தள்ளத் தொடங்கிவிடும் நிலைக்கு வந்துவிட்டேன்.

பிரசவக் குத்து எழும்பியது ஒரு காலையில். த்ரீவீல் பிடித்து, முன்பு போன அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதல் தரம் பட்ட பாட்டை நினைத்து சுதனிடம், “கன நேரம் செல்லும், நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ” என்று அனுப்பிவிட்டேன். அன்ரியை வாசலில் மறித்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவர்கள் தருகிற றப்பர் செருப்பைப் போடச் சொன்னார்கள். அன்ரி விவாதத்தில் இறங்கினார். நான் தனியாக உள்ளே போனேன்.

கட்டிலில் ஏறி மூச்சு விடுவதற்கிடையில் கீழே ஒரு அமுக்கம். முதல் தரம் தேடித் தேடிக் கிடைக்காத அந்த இடம், இந்தத் தரம் தானாகவே தள்ளியது. மிஸ் ஓடிவந்து பார்த்தார். பார்த்ததும் கத்தினார்:

“தல்லு கரன்ன எப்பா!”

சிங்களத்தில் ‘எப்பா’ என்றால் வேண்டாம். எனக்குத் தெரியாத சொல் இல்லை. கடையில் ‘பேக் எப்பா’ என்று நானே தினமும் சொல்கிறவள். ஆனால் அந்த நேரத்தில் என் மூளை தமிழில் மட்டும்தான் ஓடியது. அதற்குக் கேட்டது ‘தள்ளு... எப்பா!’ என்று, அலுத்துப்போன ஒரு மனுஷி கெஞ்சுகிற மாதிரி. பாவம், மிஸ்ஸை ஏன் கெஞ்ச வைக்கவேணும் என்று முழு மூச்சாகத் தள்ளினேன்.

“எப்பா! எப்பா!” மிஸ்ஸின் குரல் உச்சிக்குப் போனது.

இன்னும் காணாது போல என்று மறுபடி தள்ளத் தயாரானேன்.

அப்போது திரை விலகியது. ஒரு காலில் சப்பாத்தும் மறுகாலில் றப்பர் செருப்புமாக அன்ரி.

“சேசுவே! என்ன புள்ள செய்றே? எப்பாங்குறாங்க!”

“தள்ளச் சொல்றா அன்ரி!”

“தல்ல வாணாங்குறாங்க!”

சொல்லிவிட்டு அன்ரியே திடுக்கிட்டு நின்றார். அவர் வாயால் அப்படியொரு வசனம் வந்ததை நான் அதுவரை கேட்டதில்லை, அவரும் கேட்டிருக்க மாட்டார். மிஸ்ஸிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். மிஸ் படபடவென்று பதில் சொன்னார். அன்ரி என் பக்கம் திரும்பினார், குரலைப் பாதியாக்கிக்கொண்டு.

“தல வந்திரிச்சாம். இப்ப வேகமாத் தல்லினா திரும்பக் கிழியுமாம். அதுவா மெல்ல வரட்டுமாம். நீ சும்மா ஊது.”

“தள்ளாம இருக்க ஏலாது அன்ரி!”

அன்ரி என் இரண்டு கன்னத்தையும் கையில் ஏந்தினார். “என்னப் பாரு. கேக்ல மெழுகுதிரி இருக்கு. ஊது. ஃபூ. இன்னொண்ணு. ஃபூ.”

இஞ்சித் தேத்தண்ணி வாசம் முகத்தில் அடிக்க, நாங்கள் இரண்டு பேரும் மூக்கோடு மூக்கு வைத்து இல்லாத மெழுகுதிரிகளை ஊதினோம்.

“இன்னும் எத்தின அன்ரி?”

“என் வயசுக்கு ஊது!”

அந்தக் கணக்கில் பாதிக்கும் வரவில்லை. வழுக்கிக்கொண்டு வந்தாள் மகள். வந்ததும் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுத்தான் என் தோள்கள் கீழே இறங்கின. மிஸ் குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“மெஹும் நே.”

தையல் இல்லை. அது மட்டும் தமிழாகவே கேட்டது. எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

சுதன் கையில் இரண்டு ரோல்ஸோடு வந்து, இன்னும் எவ்வளவு நேரம் செல்லும் என்று வாசலில் விசாரித்தாராம். அன்ரி ஒரு ரோலை வாங்கிக் கடித்தபடி விளக்கம் கொடுத்தார். “முடிஞ்சு போச்சு மகன். நான் அப்பவே சொன்னேனே, ரெண்டாவதுக்கெல்லாம் தல்லத் தேவையில்ல.”

பிற்பகல் என்னை வார்டுக்கு மாற்றினார்கள். பார்வையாளர் நேரம் முடிந்தது. சுதன் வீட்டுக்குப் போய்விட்டார். தாதி ஒருவர் கட்டில் கட்டிலாக வந்து வெளியாட்களை அனுப்பிக்கொண்டிருந்தார். பிள்ளை பெற்றவளின் தாய் மட்டும் நிற்கலாமாம். என் கட்டிலடியில் நின்று அன்ரியைக் காட்டிக் கேட்டார்.

“மே கவுத? அம்மத?”

இது யார், அம்மாவா? அன்ரி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழும்பினார். அவருடைய பேரப்பிள்ளைகள் எல்லாரும் அவருக்குப் போன் திரையில்தான் பிறந்திருந்தார்கள்.

“ஓவ்,” என்றேன் நான். “அம்மா.”

வவுனியாவில் இருக்கிற என் சொந்த அம்மா இதை வாசித்தால் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன். தாதி அடுத்த கட்டிலுக்குப் போனார். அன்ரி மறுபடி அமர்ந்து, தூங்குகிற மகளின் தொப்பியைச் சரி செய்தார். அது முதலிலேயே சரியாகத்தான் இருந்தது.