மோதிரம் போட்ட கை

திருட்டுத்தனம் செய்வதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். எனக்கு அது துளியும் கிடையாது என்பதைப் பன்னிரண்டு வீட்டார் தங்கள் மொபைலில் நேரலையாகப் பார்த்திருக்கிறார்கள்.

என் மகள் ஷிபாவுக்கு அப்போது ஆறு வயது. மூளைவாதம், அவள் சொன்னதை அவள் கை கேட்க நேரமாகும். பாளையம்பட்டியில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, "மத்தியானம் தானாச் சாப்பிடுவாளா?" என்று கேட்டார்கள். அதற்காகவே, இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு டீச்சர் நடத்தும் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். துபாயிலிருந்து மச்சானும் (வீட்டுக்காரரை அப்படித்தான் கூப்பிடுவேன்) அதில் தலைகாட்டுவார்.

டீச்சர் தந்த வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்றுதான். "அவ கையால சாப்பிடட்டும். நீங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

(கையைக் கட்டுவதா? நானா?) அரை இட்லிக்கு அரைமணி நேரம் ஆனது. பொறுக்க முடியாமல் அடுத்த இரண்டு வாரமும் நானே ஊட்டிவிட்டேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வகுப்பில், "ஷிபா சாப்பிடுறதைக் காட்டுங்கம்மா" என்றார் டீச்சர். மொபைலை மாவு டப்பாவில் சாய்த்தேன். ஷிபாவுக்கு என் துப்பட்டாவைப் போர்த்தி, நாற்காலிக்குப் பின்னால் குனிந்து, அவள் கை போலவே தெரியும்படி அவள் கக்கத்துக்கு அடியில் என் கையை விட்டேன். பெருநாள் மருதாணிகூட அழியாத கை. குனிந்திருந்ததால் எனக்குத் தட்டும் தெரியவில்லை, வாயும் தெரியவில்லை. முதல் விள்ளலை அவள் மூக்கில் அப்பினேன்.

முதலில் பேசியது துபாய்தான்.

"ஏ பாத்திமா, அது நான் வாங்கிக் குடுத்த மோதிரம்ல!"

பன்னிரண்டு வீட்டிலும் சிரிப்பு. பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. ஷிபா சிரிக்கவில்லை. மூக்கில் சட்னியோடு என் கையைத் தட்டிவிட்டு, "போ!" என்றாள். இட்லியைப் பிடித்தாள், நழுவியது. மறுபடி பிடித்தாள், மடியில் விழுந்தது.

"மச்சான், ஒரு வாயி மட்டும் ஊட்டிர்றேன்."

"கைய கட்டு பாத்திமா."

கட்டினேன். ஐந்தாவது தடவை வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. நான் அழுதுவிட்டேன்.

அன்றிலிருந்து மூன்று வேளையும் கையைக் கட்டினேன். (இட்லி ஆறும், எனக்குக் கோபம் ஏறும், கை மட்டும் அவிழாது.) ஜூனில் ஷிபா பள்ளிக்கூடம் போனாள்.

எங்கள் குடும்பத்தில் யாராவது அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைத்தால், "மோதிரம் வருது" என்று இன்றும் கேலி செய்வார்கள். ஷிபா கேலி செய்வதில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் என் முன்னால் உள்ளங்கையை நீட்டுவாள். மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். தட்டு காலியான பிறகுதான் திரும்பத் தருவாள்.