மரநாய்க்கு வைத்த பலாச்சுளை

கை நிறையக் கோழி இறகோடு நல்லதம்பி கூட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்க்காமலே யாரென்று தெரிந்துவிட்டது. ஆனி மாதம், சாரல் விழுகிற ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்?

"ஏலே தம்பி, சங்கரன்கோயில் தாண்டிட்டோம். அருவியில தண்ணி எப்படி விழுது?"

"நல்லா விழுதுண்ணே."

"குளிச்சிட்டு மத்தியானம் வந்திருதோம். வேன்ல ஒம்பது பேரு. வெடக்கோழியாப் பாத்து அடி. போன வாரத்தது முத்தல்லே. கடவாப்பல்லு இன்னும் வலிக்கி."

நல்லதம்பி போனைப் பைக்குள் போட்டுவிட்டு மறுபடியும் குனிந்து எண்ணினான். சேவல் போக, ராத்திரி அடைக்கும்போது பதினொன்று. இப்போது ஏழு. ஓரத்தில் நொண்டிச் சேவல் ஒற்றைக் காலில் நின்று, எனக்கென்ன தெரியும் என்பதுபோல் பார்த்தது.

"ஏட்டி, நாலு கோழியக் காணும்!"

சண்முகக்கனி அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள். "மரநாய்தான். திங்கக்கிழமை ருசி கண்டுட்டுல்லா."

திங்கட்கிழமை நடந்தது அவனுக்கும் தெரியும். செவலைக் கோழி கழுத்து அறுபட்டுக் கிடந்ததையும், கறுத்த வால் ஒன்று சுவரேறிப் போனதையும் தன் கண்ணாலேயே பார்த்தான்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் வீடு வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. அருவியில் தண்ணீர் விழத் தொடங்கினால் வீட்டில் சொந்தக்காரர்கள் விழத் தொடங்குவார்கள். நல்லதம்பிக்கு வாய்த்தது கூடப்பிறந்த அண்ணன். பேர் கடற்கரை. பேர்தான் கடற்கரை, இருப்பது தண்ணீர் கண்ணில் படாத திருவேங்கடத்துப் பக்கம். அப்பா செத்தபிறகு நல்லதம்பியை வளர்த்து, மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற வேலையில் சேர்த்துவிட்டதும் அவர்தான். நூறு கிலோ மூட்டையை முதுகில் வாங்குகிற நல்லதம்பிக்கு, அண்ணன் முன்னால் "இல்லை" என்ற ஒரு சொல்லைத் தூக்க முடியாது.

கோழிகளோ சண்முகக்கனியுடையவை. மகள் முத்துசெல்வியை அச்சன்புதூரில் கட்டிக்கொடுத்த மறுமாதமே குஞ்சு வாங்கி விட்டவள் அவள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், பிள்ளை பெற்றவளுக்கு நாட்டுக்கோழிச் சாறு வேண்டும், முட்டை வேண்டும். ஆவணியில் பேறுகாலம். பதினாறு கோழி நின்றது. சீசன் தொடங்கி இரண்டே ஞாயிற்றுக்கிழமையில் அண்ணன் நாலைத் தின்றார்.

"இது மக பேறுகாலத்துக்குள்ளது. தொடாதீங்கன்னு சொன்னேன்."

"அண்ணன் வாய்விட்டுக் கேட்டா எப்படிட்டி மாட்டேங்கறது?"

"அப்ப பிராய்லர் வாங்கிப் போடுங்க."

"அது அவருக்குச் சூடு. ஒத்துக்கிடாது."

சண்முகக்கனி கோழிக்குப் போடும் குருணையை அள்ளிக்கொண்டு கூட்டுப் பக்கம் போனாள். அந்தத் திங்கட்கிழமைதான் மரநாய் வந்தது.

மத்தியானம் வேன் வந்து நின்றது. கடற்கரை ஈரத் தலையோடு இறங்கி, வாசலிலேயே மூக்கை உறிஞ்சினார். "மணத்தையே காணும்?"

"மரநாய் நாலைத் தூக்கிட்டுண்ணே."

"மிச்சம் நிக்குதுல்லா? ரெண்டைப் பிடி."

சண்முகக்கனி செம்பில் தண்ணீரோடு வந்தாள். "அத்தான், மரநாய் மூச்சுப்பட்ட கோழியை மூணு நாளைக்குத் தொடக்கூடாது. வயித்தால போகும். நீங்க வேன்ல ரொம்ப தூரம் போணும். அதுல ஒம்பது பேரு வேற."

கடற்கரை வேனைப் பார்த்தார். ஒன்பது பேரையும் பார்த்தார். வழியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பார்போல. "பருப்பே ஊத்து" என்றார்.

போகும்போது தம்பியின் தோளில் கைபோட்டார். "மிச்சக் கோழியைக் காப்பாத்துலே. கூட்டுக்குள்ள லைட்டைப் போட்டு ரேடியோவப் பாட விடு. மனுசச் சத்தம் கேட்டா மரநாய் அண்டாது."

நல்லதம்பி அப்படியே செய்தான். ரேடியோ விடிய விடியப் பாடியது. கோழிகள் தூங்கவில்லை. சேவல் பொழுது தெரியாமல் பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் கூவியது. பகல் முழுவதும் மூட்டை சுமந்துவிட்டு வந்த நல்லதம்பிக்கும் உறக்கம் போயிற்று. பக்கத்து வீட்டு நஸீபா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் கொறைச்சு வைங்க. எங்க மாமியா ரெண்டு நாளா ஒறங்கலை."

"மரநாய் பிடிபடுற வரைக்கும் பொறுத்துக்கோம்மா."

"பாவம்" என்று நஸீபா அன்று சாயங்காலம் ஆறு முட்டை கொடுத்தனுப்பினாள். கோழி பறிகொடுத்த வீடாயிற்றே! நல்லதம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. "அடுத்த வீட்டுக்காரின்னா இப்படில்லா இருக்கணும்" என்றான்.

சனிக்கிழமை விடிந்தபோது மூன்று கோழியைக் காணோம். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"பாட்டுக் கேட்டுக்கிட்டே தின்னுருக்கு" என்றாள் சண்முகக்கனி.

மறுநாள் வேன் வந்தது. மூச்சுப்பட்டு ஒரு நாள்தான் ஆகியிருந்தது. கடற்கரைக்குக் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. அவர் பிசைந்த வேகத்தில் சோறு பயந்தது.

"வலை கட்டுலே!"

இலஞ்சிக் குளத்தில் மீன் பிடிக்கிறவரிடம் பழைய வலை ஒன்று வாங்கி, கூட்டைச் சுற்றி வேலியாகக் கட்டினான். வெள்ளிக்கிழமை கருக்கலில் தூக்கக் கலக்கத்தோடு கொல்லைப் பக்கம் போனவனுடைய கால் வலையில் மாட்டியது. உதறினான், கையும் மாட்டியது. உருண்டான், மற்றதும் மாட்டியது. சண்முகக்கனி அரிவாள்மணையோடு வந்து வலையை அறுத்து அவனை வெளியே எடுக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை இரண்டு கோழி இல்லை.

"உங்கள எடுக்க அறுத்தம்லா, அந்த ஓட்டை வழியாத்தான் வந்துருக்கு" என்றாள் அவள். நல்லதம்பியால் குற்றம் சொல்லவும் முடியவில்லை. அந்த ஓட்டை அவன் போட்ட ஓட்டை.

இடுப்பு பிடித்தவன் மூட்டை தூக்க முடியுமா? அடுத்த வாரம் முழுவதும் வீட்டில்தான். அதுவும் நல்லதுக்கென்று நினைத்தான். மிச்சம் இருக்கிற இரண்டு கோழிக்கும் தானே காவல் இருப்பது என்று முடிவு செய்து, அன்றைக்குக் காலையிலேயே கூட்டோரம் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, கம்போடு உட்கார்ந்தான். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டிக்கொண்டு வந்தாள் சண்முகக்கனி. "இடுப்புக்கு நல்லது. சாப்பிடுங்க." இன்னும் ஒரு உருண்டை. அதற்குமேல் இன்னும் ஒன்று.

கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கூட்டில் நொண்டிச் சேவல் மட்டும் நின்றது. அவன் மடியில் கோழி இறகு கிடந்தது.

தெருவே வந்து பார்த்தது. "ஒம்ம மடியில உக்காந்துல்லா தின்னுருக்கு வேய்!" என்றார் எதிர்வீட்டுக்காரர். "நல்லவேளை, ஒம்மையும் கடிச்சுப் பாக்காம விட்டுது."

மறுநாள் ரசமும் அப்பளமும் சாப்பிட்ட கடற்கரை, ஏப்பம்கூட விடவில்லை. "ஒரு கோழிக்குக் காவல் இருக்கத் துப்பில்ல. ஒன்னத் தோள்ல போட்டு வளத்தேன் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் நல்லதம்பிக்கு இடுப்பு வலியைவிட அதிகமாக வலித்தது.

கடைசியில் அவன் போனது அருமைநாயகத்திடம். ஐந்தருவிப் பக்கம் மங்குஸ்தான் தோட்டத்தில் இருபது வருசம் வாட்ச்மேனாக இருந்தவர். மரநாயைப் பிடித்துப் பிடித்து மலையில் விட்டவர். வந்து கூட்டை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு மீசையைத் தடவினார்.

"ரத்தம் எங்கடே?"

"இல்லை அண்ணாச்சி."

"மரநாய் தின்னா தலையும் கொடலும் கெடக்கும். இது எச்சில் எடுத்து எடத்தையும் துடைச்சிட்டுல்லா போயிருக்கு."

"மழை கழுவிட்டுப் போயிருக்கும்" என்றது அடுப்படிக் குரல்.

அருமைநாயகம் பெட்டிப்பொறி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். நீளமான மரப்பெட்டி. உள்ளே கடைசியில் இரை. இரையைத் தொட்டால் வாசல் பலகை விழும். பலகையின் அடியில் ரம்பப் பல். உள்ளே போனது வெளியே வராது.

"கோழிய வைக்கணுமா அண்ணாச்சி? சேவல் ஒண்ணுதான் கெடக்கு."

"கோழி எதுக்கு? அதுக்குப் பழம்னா உயிரு. அதுலயும் பலாச்சுளை மணம் பட்டா மலையில இருந்தாலும் எறங்கி வந்துரும். பெறகு ஒண்ணு: கைய உள்ள விட்ராத. நான்தான் ஆணியக் கழத்தணும், வேற ஆளு தொட்டா பல்லு எறங்கும்."

பொறி வைத்து மூன்று நாளாயிற்று. ஒன்றும் விழவில்லை. தினமும் புதுச் சுளை. நல்லதம்பிக்கு வேறொரு விஷயமும் உறுத்தியது. குருணைச் சாக்கு காலியாகியிருந்தது.

"ஒத்தச் சேவலுக்கா இம்புட்டுக் குருணை?"

"கூட இருந்ததெல்லாம் போயிட்டுல்லா. அந்தக் கவலையில அதுக்குப் பசி கூடிட்டு" என்றாள் சண்முகக்கனி. சேவலைப் பார்த்தான். அது மெலிந்துதான் இருந்தது. கவலை அப்படித்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டான்.

ஆடி கடைசி ஞாயிறு. அருவியில் தண்ணீர் நூலாகிவிட்டது. சீசனின் கடைசி வேன் வந்தது.

கடற்கரை இறங்கும்போதே முடிவு பண்ணிக்கொண்டு வந்திருந்தார். "இன்னைக்கு என்ன மூச்சு பட்டுருந்தாலும் சரி. அந்தச் சேவலைப் பிடி."

"நொண்டிண்ணே. கிழடு."

"காலு நொண்டினா தொடை என்ன நொண்டியா? கத்திய எடு. நானே பிடிச்சிட்டு வாரேன்."

நல்லதம்பி கத்தியைத் தேடினான். வழக்கமாக இருக்கிற இடத்தில் இல்லை. "ஏட்டி, கத்தி எங்கன?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே கொல்லைப் பக்கமிருந்து ஒரு சத்தம். டமார்! அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம். அது அண்ணனுடையது.

ஓடிப் போய்ப் பார்த்தார்கள். கடற்கரை மண்ணில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வலது கை முழங்கைவரை பெட்டிக்குள். பலகை சட்டைக் கையைக் கவ்விப் பிடித்திருந்தது. சேவல் பெட்டிமேல் ஏறி நின்றது.

"பலாச்சுளை மணம் அடிச்சுதுலே..." என்றார் பரிதாபமாக.

"இழுக்காதண்ணே! பல்லு எறங்கும்! அருமைநாயகம் அண்ணாச்சி வரணும்."

"வரச் சொல்லு!"

"கோயிலுக்குப் போயிருக்காரு. ஆராதனை முடியப் பன்னெண்டாவும்."

ஒன்றரை மணி நேரம் கடற்கரை கையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாரல் வந்தது, குடை பிடித்தார்கள். பசி வந்தது, வேனில் கூட வந்த அண்ணன் பெண்டாட்டி சாம்பார்ச் சோற்றை உருட்டி வாயில் ஊட்டினாள். மரநாய் பிடிபட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டு வந்த தெரு, எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு திரும்பியது. பன்னிரண்டரைக்கு வெள்ளை வேட்டியும் வேதப்புத்தகமுமாக வந்த அருமைநாயகம், ஆணியைக் கழற்றிப் பலகையைத் தூக்கினார். கடற்கரையின் கை வெளியே வந்தது. அதில் பலாச்சுளை அப்படியே இருந்தது.

"சுளைய விட்டிருந்தா கை அப்பமே உருவிட்டு வந்திருக்கும்" என்றார் அருமைநாயகம்.

கடற்கரை யாரையும் பார்க்கவில்லை. நேராக வேனில் ஏறினார். "அடுத்த சீசனுக்கு நான் லாட்ஜ்ல ரூம் போட்டுக்கிடுதேன். இனி இந்த வாசலை மிதிச்சா நான் எங்கப்பனுக்குப் பிறக்கலை."

"எனக்கும் அவருதானண்ணே அப்பா" என்றான் நல்லதம்பி. வேன் போய்விட்டது.

கூட்டுக்குப் பின்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தான். அண்ணனும் போயாயிற்று, கோழியும் போயாயிற்று. நாளைக் கழித்து மகள் வருகிறாள். வயிற்றுப் பிள்ளையோடு வருகிறவளுக்கு இந்த நொண்டிச் சேவலைத் தவிர வைத்திருப்பது என்ன?

"நீ அன்னைக்கே சொன்னட்டி. நான்தான் கேக்கலை" என்றான். "ஒரு கோழிய மிச்சம் வைக்க முடியலையே என்னால."

சண்முகக்கனி அவனைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சுவருக்கு மேலே முக்காடு போட்ட தலை ஒன்று எழுந்தது. கூட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனை அந்தத் தலை பார்க்கவில்லை.

"யக்கா, வேன் போயிட்டுல்லா?" என்றாள் நஸீபா. "அப்ப உங்க பதினோரு கோழியையும் ஓட்டிட்டுப் போங்க. எங்க மாடி முச்சூடும் எச்சமாக் கெடக்கு!"