ஆண்டவர் பங்குச் சேவல்

இந்த வருஷம் ஆண்டவரை ஏமாற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன். முழுதாக அல்ல. ஒரு சேவல் விஷயத்தில் மட்டும்.

எங்கள் வீட்டில் தசமபாகம் என்பது சம்பளத்தோடு நிற்காது. என் மனைவி ஜெயபிரியா முருங்கைக்காயிலும் பத்தில் ஒன்று எடுத்து வைப்பாள். முட்டையிலும் எடுப்பாள். பேச்சில் மட்டும் கணக்கு தலைகீழ். பத்து வார்த்தையில் ஒன்பது அவளுக்கு, ஒன்று எனக்கு. அந்த ஒன்றும் பெரும்பாலும் "சரி" என்பதாகத்தான் இருக்கும்.

தை மாசம் எங்கள் கோழி பத்துக் குஞ்சு பொரித்தது. கடைசியாக ஓட்டை உடைத்துக்கொண்டு வந்ததைக் கையில் ஏந்தி, இது ஆண்டவர் பங்கு என்று சொல்லிவிட்டாள். அறுப்பின் பண்டிகை அன்று கோயிலில் படைத்து ஏலம் விடவேண்டும். சர்ச்சுக்கும் எங்கள் பக்கம் கோயில் என்றுதான் பெயர். மற்ற ஒன்பதையும் கீரியும் பருந்தும் பங்கு போட்டுக்கொண்டன. ஆண்டவர் பங்கை மட்டும் ஒன்றும் தொடவில்லை. அது செக்கச்செவேலென்று வளர்ந்து, புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் மாதிரி முற்றத்தில் ரோந்து போனது.

என் நிலைமையையும் சொல்லவேண்டும். எனக்குச் சர்க்கரையும் கொழுப்பும் இருப்பதாகத் தென்காசியில் ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஜெயபிரியா எனக்குக் கோதுமைக் கஞ்சியைத் தவிர எதையும் கண்ணில் காட்டவில்லை. நாட்டுக்கோழி ருசி நாக்குக்கு மறந்தே போனது. என் கண் முன்னால் ஒரு சட்டி மிளகுக் கறி நடந்து போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. உண்மையாகவே வந்தது.

சந்தையில் அதே நிறத்தில் ஒரு நோஞ்சான் சேவலை வாங்கிக் கூட்டில் விட்டேன். பெரியதைச் சாக்கில் போட்டுப் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரன் முகம்மது மீரானிடம் கொடுத்தேன். இலஞ்சியில் அவன் மச்சான் தோப்பில் கட்டிவைப்பது, பண்டிகை முடிந்ததும் அங்கேயே சமைத்துச் சாப்பிடுவது என்று ஏற்பாடு. மீரானுக்கு ஒரு தொடை. மூச்சு விடமாட்டேன் என்றான்.

அன்று சாயங்கால ஜெபத்தில் ஜெயபிரியா கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"ஆண்டவரே, உம்முடைய சேவல் மெலிந்துபோயிற்று. உம்முடைய பங்கை நீரே பார்த்துக்கொள்ளும்."

நான் அவசரமாக ஆமென் சொன்னேன்.

மறுநாள் விடிந்தபோது மலையைக் காணோம். சாரல் எல்லாவற்றையும் மூடியிருந்தது. பல் தேய்த்துக்கொண்டே பின்வாசலுக்கு வந்தேன். மதில் மேல் சேவல் நின்றது. நோஞ்சான் இல்லை, பெரியது. நனைந்து கறுத்து, கூவாமல், அசையாமல், ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இது எப்பிடி வந்துச்சு?" என்றேன்.

"எது?"

"அங்கன, மதில் மேல."

ஜெயபிரியா சேவலுக்கு நேராகத்தான் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மதில் மேல பாசிதான் இருக்கு. சேவல் கூட்டுலல்லா கெடக்கு. மாத்திரை போட்டியளா?"

மீரானைக் கூப்பிட்டேன். அவன் மதிலையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை, சேவல் தோப்பில்தான் நிற்கிறது, காலையில்தான் இரை போட்டேன் என்று காதோடு சொன்னான். அப்படியானால் இது என்ன?

அவர்கள் போன பிறகு நெருங்கித் தொட்டேன். இறகெல்லாம் ஐஸ் மாதிரி இருந்தது. திமிறவில்லை. சத்தம் போடவில்லை. சாக்கில் போட்டு ஸ்கூட்டரில் குற்றாலம் கொண்டுபோனேன். ஐந்தருவிக்கு மேலே ஆளில்லாத ஒரு தோப்பில், பனி இறங்கிய இடத்தில், ஒரு மரத்தில் கட்டினேன். பேய்க்குக் கயிறு எதற்கு என்று தோன்றியது. இருந்தாலும் இரண்டு முடிச்சுப் போட்டேன். திரும்பும்வரை அந்த ஒற்றைக் கண் பிடரியிலேயே இருந்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்ததால், இடத்தை மீரானிடம் மட்டும் சொன்னேன்.

மறுநாள் பண்டிகை ஞாயிறு. பயந்துகொண்டே கதவைத் திறந்தேன். மதில் மேல் அது நின்றது. காலில் என் கயிற்றின் துண்டு தொங்கியது. இந்தத் தடவை என்னைப் பார்க்கவில்லை. கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

நான் சரணடைந்துவிட்டேன். சேவலைக் கையில் அணைத்துக்கொண்டு ஊர் நடுவே நடந்தேன். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி எப்படிக் கேட்பார்கள்? பூசணிக்காய்க்கும் வாழைத்தாருக்கும் நடுவில் அதை வைத்துவிட்டு, முழங்காலில் நின்று தேம்பினேன்.

ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியது. கமிட்டிக்காரர் முதலில் தூக்கிக் காட்டியதே அந்தச் சேவலைத்தான். நல்ல கனம் என்றார். கோயிலில் பாதிப் பேர் போட்டி போட்டுக் கேட்டார்கள். அத்தனை பேர் கண்ணுக்கும் தெரிகிறது. பெண்கள் பக்கம் திரும்பினேன். ஜெயபிரியா முக்காட்டைச் சரிசெய்து வாயை மறைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவளே சொன்னாள்.

"மீரான் தம்பி அன்னைக்கே வந்து சொல்லிட்டாரு. இலஞ்சில இருந்து நாந்தான் தூக்கிட்டு வந்து மதில்ல நிறுத்தினேன். ஆண்டவர் பங்குல கை வைக்கலாமா?"

கோபம் வந்தது. அதைவிட நிம்மதி வந்தது. கூடவே ஒரு நப்பாசையும் வந்தது. நோஞ்சான் கூட்டில் இருக்கிறதே. எலும்பும் தோலுமானாலும் கோழி கோழிதான்.

"அது சரி, குற்றாலத்துல இருந்து எப்பிடிக் கொண்டு வந்த?"

ஜெயபிரியா நின்றுவிட்டாள். குடையைச் சாய்த்து என் முகத்தைப் பார்த்தாள்.

"குற்றாலமா?"

"ஐந்தருவிக்கு மேல கட்டிப் போட்டேனே."

"நான் இந்த சீசனுக்குக் குற்றாலம் பக்கமே போவலயே," என்றாள் மெதுவாக. மலையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வீடுவரை அவள் உதடு ஜெபத்தில் அசைந்துகொண்டே வந்தது.

அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. நோஞ்சானைப் பிடித்து, ஓட்டமும் நடையுமாகக் குருவானவர் வீட்டுக்குப் போய், இதுவும் ஆண்டவருக்கே என்று அவர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் என் தலையில் கைவைத்து ஜெபித்தார். உடம்பே லேசாகிவிட்டது.

திரும்பி வந்தபோது மீரான் வாசலில் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். சீட்டுக்கு அடியிலிருந்து சிவப்பு இறகுகளாக அள்ளி வெளியே போட்டான்.

"அண்ணாச்சி, ஐந்தருவில இருந்து சேவல ஏத்திட்டு வந்த ஆட்டோ வாடகைய மதினி ஒங்ககிட்ட வாங்கிக்கிடச் சொன்னாவ."