உபந்யாசம், பாகம் ஏழு

'உபந்யாசம் – பாகம் 7' என்று சீட்டு ஒட்டிய கேசட்டை யதிராஜன் ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டதும், ராம்ப்ரஸாத் பதறி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

யதிராஜன், அவனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் அப்பா. மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வந்தவர் அலமாரியையும் பார்த்துவிட்டார்.

"பன்னெண்டு பாகம். இந்த வயசுல இவ்வளவு ஸ்ரத்தையா?" என்று உருகினார்.

"தினம் காதுல மாட்டிண்டு கண்ணை மூடிண்டு கேப்பான். தலை தானா ஆடும்," என்றாள் ராம்ப்ரஸாதின் அம்மா.

ஆடாமல் என்ன செய்யும்? நாலு கேசட்டில் ஸோல் என்கிற அமெரிக்கப் பாட்டு, நாலில் ஜாஸ், மீதி நாலில் பிரேசில் தாளத்தைக் கலந்த எலெக்ட்ரானிக் இசை. மனுஷனாய்ப் பிறந்தவன் கேட்டே தீரவேண்டிய ஆல்பங்கள் என்று அவனும் பாங்கில் பக்கத்து ஸீட் ஜெபகுமாரும் இரண்டு வருஷம் சலித்தெடுத்த பன்னிரண்டு. அப்பா கண்ணில் பட்டால் குப்பைக்குப் போய்விடும் என்றுதான் அந்தச் சீட்டு. அதிலும் ஏழாவதில் ஒருத்தி ஆரம்பத்திலிருந்து முடிவுவரை கிசுகிசுத்தே பாடுவாள்.

"மாமா, அதுல நாடா சிக்கும்."

"அதனால என்ன? ஸௌம்யா பென்சிலை விட்டுச் சுத்தி சரிபண்ணிடுவா. டேப் ரிக்கார்டரே அவ ரூம்லதான் இருக்கு."

போச்சு. போன வாரம் பெண் பார்க்கப் போனபோது ஸௌம்யா, "யோசிச்சுச் சொல்றேன்" என்றிருந்தாள். அவள் சொல்லப்போகும் பதிலுக்காக அவன் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. அவ்வளவு பிடித்துவிட்டது அவளை.

ஜெபகுமார் வழி சொன்னான். "மொதல் பாகத்துலேர்ந்து கேட்டாத்தான் புரியும்னு சொல்லி, வாங்கிக்கினு வந்துடுபா."

ராம்ப்ரஸாத் மறுநாளே போய்ச் சொன்னான்.

"பேஷ், முதல் பாகத்தையும் கொண்டு வாங்கோ," என்றார் யதிராஜன். "எனக்கு இன்னும் கேக்க ஒழியலை. ஞாயித்துக்கிழமை எங்க கோஷ்டியில அஞ்சு பேரை வரச்சொல்லியிருக்கேன், எல்லாருமாச் சேர்ந்து கேக்கலாம்னு. அப்புறம், ஸௌம்யா இன்னிக்குக் காலம்பற சரின்னுட்டா."

ராம்ப்ரஸாத் சந்தோஷத்தில் செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டான். பயத்திலும்தான். கையில் வந்த பெண் ஞாயிற்றுக்கிழமை கைநழுவிப் போகப்போகிறாள்.

"அப்போ ஒரே வழிதான் இருக்குது," என்றான் ஜெபகுமார். "நெஜ உபந்யாசமே ஒண்ணு வாங்கி, சீட்டை ஒட்டி மாத்தி வெச்சிடு."

ஞாயிற்றுக்கிழமை அரை மணி முன்னதாகவே போனான். யதிராஜன் உள்ளே திருமண் இட்டுக்கொண்டிருந்தார். கூடத்துக்கு வந்துவிட்ட டேப் ரிக்கார்டரின் மேல் கேசட் இருந்தது. சட்டென்று அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கோவில் வாசல் கடையில் வாங்கிய கேசட்டை அங்கே வைத்தான். நிமிர்ந்தால், ஸௌம்யாவின் அம்மா சூடாமணி காபியோடு நின்றிருந்தாள். அவன் சட்டைப்பையை ஒரு பார்வை பார்த்து, தம்ளரைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கோஷ்டி வந்து உட்கார்ந்தது. ஸௌம்யா ஓடிவந்து டேப் ரிக்கார்டரை மறைத்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, இன்னிக்கு வேண்டாமே. ரிக்கார்டர் ரிப்பேர்."

"நான் பாக்கறேன்," என்று ராம்ப்ரஸாத் வீரனைப் போல முன்னால் வந்து பொத்தானை அழுத்தினான்.

கணீரென்று உபந்யாசம் கிளம்பியது. ஐந்து பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஸௌம்யா மட்டும் கேசட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பக்தி முற்றிவிட்டது போலிருக்கிறது என்று ராம்ப்ரஸாத் நினைத்துக்கொண்டான். எல்லாம் முடிந்து, தப்பித்த நிம்மதியில் வாசலில் செருப்பை மாட்டும்போது சூடாமணி பின்னாலேயே வந்தாள்.

"உங்க சட்டைப்பையில இருக்கே, அந்தக் கேசட்டை நானும் ஸௌம்யாவும் கதவைச் சாத்திண்டு நாலு தடவை கேட்டோம்," என்றாள் தணிந்த குரலில். "அதைக் கேட்டுட்டுதான் அவ கல்யாணத்துக்கே சரின்னா. இப்போ, அந்தப் பாட்டு ஏதோ தவறுதலா வந்ததுன்னு நெனைச்சுண்டு, போற எடத்துலயும் ஆயுசு பூரா உபந்யாசம்தானான்னு உள்ள அழுதுண்டிருக்கா. போய், அது உங்களோடதுதான்னு சொல்லுங்கோ."