பெரியவரின் ஆயிரத்து ஐந்நூறாவது நாள்

பெரியவரைத் தொட்டுவிடுவது என்று டைம் கீப்பர் முடிவெடுத்த அன்று, காலையிலிருந்தே அவருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பல் தேய்க்கும்போதும் நடுங்கியது. அதனால் பல் வழக்கத்தைவிடப் பளிச்சென்று ஆனது என்பது வேறு விஷயம்.

பெரியவர் என்றதும் வீட்டில் மூத்தவர் யாரோ என்று நினைத்துவிட வேண்டாம். சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர். தையல் அறை ஷெல்ஃபில் உட்கார்ந்து, லினக்ஸ் என்ற இயக்க மென்பொருளில் ஓடுகிறது. மனைவி துணி தைத்துக் கொடுக்கிறவள். அவளுடைய வாடிக்கையாளர் அத்தனை பேரின் தோள், இடுப்பு, கை நீளமெல்லாம் அதன் வயிற்றுக்குள்தான் இருக்கிறது. பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை. அதில் ஒரே வரி: ‘நிற்காமல் ஓடும் நாட்கள்: 1499’.

டைம் கீப்பருக்கு வேலை பஸ் டிப்போவில். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுவது பெயருக்குத்தான். எந்த பஸ் ஏன் கிளம்பவில்லை என்று எழுதவே அவருக்கு நேரம் போதாது. பதினெட்டு வருஷமாக நின்றுபோன வண்டிகளையே பார்த்து நொந்த மனிதர். அவர் வீட்டிலேயே ஒரு மெஷின், நாலு வருஷத்துக்கு மேல் ஒரு நொடிகூட நிற்காமல் ஓடுகிறது என்றால் சும்மாவா? தினமும் காலையில் அதன் முன்னால் போய்க் கைகட்டி நிற்பார். எண் ஒன்று கூடியிருக்கும். அவருக்குப் புல்லரிக்கும். சட்டை போடாமல் அதன் எதிரே போகமாட்டார்.

மாடி வீட்டு பல் டாக்டரிடமும் இதே மாதிரி ஒரு மெஷின் இருந்தது. ஆனால் முப்பத்தெட்டு நாள் இளையது. படிக்கட்டில் சந்தித்தால் இருவரும் வணக்கம் சொல்லிக்கொள்வதில்லை. எண்களைச் சொல்லிக்கொள்வார்கள். டைம் கீப்பர் சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்துவார். பல் டாக்டர் கேட்டுவிட்டுப் பல்லைக் கடிப்பார்.

சிக்கல் ஆரம்பித்தது ஒரு பிரின்டரால். பேப்பரில் மாதிரி அச்சடித்து, அதைத் துணிமேல் வைத்து வெட்டலாம் என்று மனைவி ஆசையாக ஒன்று வாங்கினாள். பெரியவரின் பழைய லினக்ஸுக்கு அதை அடையாளமே தெரியவில்லை.

“ஏங்க, பிரின்டர் டப்பாவுக்குள்ளயே தூங்குது. புது லினக்ஸ் போட்டாத்தான் வேலை செய்யுமாம்.”

“போட்டா என்ன ஆகும் தெரியுமா?”

“வேலை செய்யும்.”

“பெரியவரை ஒரு தடவை நிறுத்தி எழுப்பணும்மா! எண் பூஜ்யத்துக்கு வந்துடும்!”

“வந்தா?”

“வந்தாவா? மாடி டாக்டர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

“வாயை மட்டும் திறந்து காட்டுங்க. அவர் வேற எதையும் பார்க்கமாட்டார்.”

இப்படிப் பேசுகிறவளிடம் வாயால் ஜெயிக்க முடியாது என்று எழுத்தில் இறங்கினார். அப்கிரேடு செய்தால் வரக்கூடிய ஆபத்துகள் மொத்தம் இருபத்து மூன்று. அளவுகளை வேறு இடத்தில் பிரதி எடுக்காமல் ஆரம்பிப்பது முதல் ஆபத்து. பாதியில் கரண்ட் போவது இரண்டாவது. எந்த இடத்தில் ‘ஆம்’ என்று சொன்னால் குடி மூழ்கும், எந்த இடத்தில் ‘இல்லை’ என்று சொன்னால் குடி மூழ்கும் என்றெல்லாம் விலாவாரியாக எழுதி, தையல் மெஷினுக்கு நேர் எதிரே ஒட்டினார். ஏழாவது ஆபத்தில் ஒரு சட்டமும் போட்டார்: அந்த அறையின் ஒரே பிளக் பாயிண்ட் பெரியவருக்கே சொந்தம். இஸ்திரி போட வேண்டுமென்றால் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போக வேண்டும்.

மனைவி கொஞ்ச நாள் முனகினாள். எட்டு மாதத்துக்கு முன் ஒரு நாள், சட்டென்று கேட்பதையே நிறுத்திவிட்டாள். ஜெயித்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷமான மனிதர் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

போன வாரம்தான் அவர் மனசு இளகியது. டிப்போவிலிருந்து சீக்கிரம் வந்தவர் எட்டிப் பார்த்தார். அவள் குனிந்தபடி, பழைய செய்தித்தாளில் பென்சிலால் மாதிரி வரைந்துகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சுவரில் இருந்த ஆபத்துப் பட்டியலில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னதாக ஒரு பென்சில் டிக் வேறு. இருபத்து மூன்றையும் பாடம் மாதிரிப் படித்திருக்கிறாள்! போதாததற்கு, லினக்ஸின் பழைய பதிப்பைப் பராமரிப்பதை அதை உருவாக்கியவர்கள் இந்த மாதத்தோடு நிறுத்துகிறார்கள் என்றும் படித்திருந்தார். ஆயிரத்து ஐந்நூறைப் பார்த்துவிட்டு, அன்றே அந்த எண்ணை அவளுக்காக விட்டுக்கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தார்.

எண் மாறுவது காலை பத்து மணிக்கு. பல் டாக்டரை அழைத்திருந்தார். பிஸ்கட் வாங்கக் கடைக்குப் போய் வந்தார். ஒன்பதே முக்காலுக்கு மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

“இன்னிக்கு அப்கிரேடு பண்ணிடறேன். உனக்காக.”

அவள் கையிலிருந்த கத்தரிக்கோல் நின்றது.

“ஐயோ, வேண்டாங்க.”

“என்னம்மா, நீதானே கேட்டே?”

“அப்ப கேட்டேன். இப்ப இருக்கட்டுங்க. ஓடற மெஷினை எதுக்குத் தொடணும்? நீங்களே சொல்லியிருக்கீங்களே.”

என்ன தியாகம்! அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அவர் பிடிவாதம் ஏறிக்கொண்டே போனது.

பல் டாக்டர் வந்தார். மூவரும் ஷெல்ஃபின் முன் நின்றார்கள். பத்து மணி. கண் சிமிட்டும் நேரத்தில் 1499 போய் 1500 வந்தது. சத்தமில்லை, ஆர்ப்பாட்டமில்லை. இத்தனூண்டு மெஷின், எத்தனை வெயில், எத்தனை மழை, அவர்கள் தூங்கிய நேரம், சண்டை போட்ட நேரம், எல்லாவற்றிலும் ஒரு மூச்சுகூட விடுபடாமல் உழைத்திருக்கிறது! டைம் கீப்பருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பல் டாக்டரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“என்னுது ஆயிரத்து நானூத்தி அறுபத்திரெண்டு,” என்று முணுமுணுத்து, இரண்டு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு மேலே போனார்.

டைம் கீப்பர் பீரோவைத் திறந்தார். யாரும் தொடக் கூடாது என்று நாலு வருஷத்துக்கு முன் துணியில் சுற்றி வைத்த கீபோர்டை எடுத்தார். அதில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. நல்ல பீரோ என்று நினைத்துக்கொண்டார். இரண்டு எழுத்துகளுக்கு நடுவே ஆரஞ்சு நூல் ஒன்று சிக்கியிருந்தது. அதைப் பற்றி எதுவும் நினைக்கவில்லை.

“ஏங்க, காபி?”

“அப்புறம்மா.”

புதிய பதிப்பைக் கொண்டுவா என்று தட்டினார். பெரியவர் ஒரு விநாடி யோசித்துப் பதில் சொன்னார்: புதியது ஏற்கெனவே இருக்கிறது, செய்வதற்கு எதுவுமில்லை.

திரும்பத் தட்டினார். அதே பதில். வியர்த்தது. மெஷினிடமே நேராக, எத்தனை நாளாக ஓடுகிறாய் என்று கேட்டார்.

‘இரண்டு மணி நேரம் ஆறு நிமிடம்.’

கீபோர்டை மடியில் வைத்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவி காபியைப் பக்கத்தில் வைத்தாள்.

“பிஸ்கட் வாங்கப் போனீங்களே, அப்ப ஒரு பாவாடை இஸ்திரி போட வேண்டியிருந்துச்சு.”

“பெரியவரைப் பிடுங்கினியா?”

“தினமும்தாங்க பிடுங்கறேன். நீங்க டிப்போவுக்குப் போனதும்.”

“அப்ப... அந்த எண்ணு?”

“முதல் தடவை பிடுங்கிட்டு மாட்டினப்ப பூஜ்யம் வந்துச்சு. பயந்தே போயிட்டேன். நீங்க பார்த்தா இடிஞ்சு போயிடுவீங்களேன்னு அழுதேன்கூட. அப்புறம் அந்தத் திரைக்காக நீங்க எழுதி வச்சிருந்த புரோகிராமைத் திறந்து பார்த்தேன். ரெண்டே வரி. மெஷினைக் கேட்டு எண்ணைக் காட்டுன்னு இருந்துச்சு. காலண்டரைப் பார்த்து எண்ணிக் காட்டுன்னு மாத்திட்டேன்.”

“பாஸ்வேர்டு?”

“நம்ம கல்யாண நாள். மறந்துடக் கூடாதுன்னு பெரியவர் முதுகுலயே எழுதி ஒட்டியிருந்தீங்களே.”

அவர் சுவரைப் பார்த்தார். இருபத்து மூன்று டிக்குகள்.

“அதுதாங்க ரொம்ப உதவியா இருந்துச்சு,” என்றாள் அவள், மனசார. “எங்கெங்க தப்பு வரும்னு யாரு இவ்வளவு தெளிவா எழுதித் தருவாங்க? ஒவ்வொண்ணா தவிர்த்துக்கிட்டே வந்தேன். கடைசியில பார்த்தா, அப்கிரேடு முடிஞ்சிருந்துச்சு.”

“அந்த பிரின்டர்?”

“டப்பாவோட பின்பக்கத்தை வெட்டியிருக்கேன். பேட்டரியிலயே ஓடுது, பேப்பர் சுவர்ப் பக்கமா வரும்.”

“போன வாரம் கையால வரைஞ்சியே!”

“பேப்பர் தீர்ந்துபோச்சுங்க.”

டைம் கீப்பருக்குக் கோபம் வரவேண்டிய இடம் இது. வரவில்லை. எட்டு மாதமாக ஒருத்தி, அவர் அஞ்சி அஞ்சிச் சுற்றி வந்த ஒன்றைத் தனியாளாகச் செய்து முடித்து, ஒரு அளவும் தொலையாமல் வேலையும் பார்த்து, தினமும் காலையில் அவருக்குப் புல்லரிக்கவும் ஏற்பாடு செய்திருக்கிறாள். பெரியவர் முன்னால் நின்றபோது வந்த அதே சிலிர்ப்பு, இப்போது அவளைப் பார்த்து வந்தது. சட்டை பட்டனைச் சரிபார்த்துக்கொண்டார்.

ஆனாலும் ஒரு துக்கம் பாக்கியிருந்தது.

“அப்ப மாடி டாக்டர்தான் ஜெயிச்சார். அவரோடதாவது நிஜமா ஓடுது.”

“அதை ஏன் கேக்கறீங்க? அவங்க வீட்டு அக்கா ஒரு நாள் மிக்சிக்காகப் பிடுங்கிட்டு ஓடிவந்து அழுதாங்க. அவங்களுக்கும் நான்தான் அந்த ரெண்டு வரியை எழுதிக் கொடுத்தேன்.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். காபியை ஒரே மூச்சில் குடித்தார்.

மூலையில் துணி குவிந்திருந்தது. அவள் இஸ்திரிப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“சரி, உங்களுக்குத்தான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே. நாளைக்கு எதைக் காட்டச் சொல்லட்டும்? ஒண்ணா, ஆயிரத்து ஐந்நூத்தி ஒண்ணா?”

மாடியில் பல் டாக்டர் குறுக்கும் நெடுக்கும் நடப்பது கேட்டது. முப்பத்தெட்டு நாள் பின்தங்கியவரின் நடை.

“ஆயிரத்து ஐந்நூத்தி ஒண்ணு,” என்றார் டைம் கீப்பர், பெரியவரின் பிளக்கைத் தன் கையாலேயே பிடுங்கி இஸ்திரிப் பெட்டியை மாட்டியபடி.